முப்பத்திரண்டு இன்ச் அறிவுரை

எங்கள் குடும்பத்தில் 'கம்ப்யூட்டர் தெரிந்தவர்' என்ற பதவி ஒருவருக்குத்தான் உண்டு. என் கணவருடைய அக்காவின் வீட்டுக்காரர். சென்னையில் ஏதோ ஒரு பெரிய கட்டடத்தில், குளிர் அடிக்கும் ஒரு மாடியில் உட்கார்ந்து, மற்றவர்கள் மறந்துபோன பாஸ்வேர்டை மாற்றிக் கொடுப்பது அவர் வேலை. அதை அவரே ஒருமுறை வாய்தவறிச் சொன்னார். ஆனாலும் அந்த அடையாள அட்டையின் கயிறு கழுத்தில் தொங்கும்வரை அவர் சொல்வதுதான் எங்கள் வீட்டுக்குச் சட்டம். வாஷிங் மெஷின் வாங்கியதும் அவரைக் கேட்டுத்தான், இன்வெர்ட்டர் வாங்கியதும் அவரைக் கேட்டுத்தான். இரண்டுமே அடிக்கடி மெக்கானிக் முகத்தைப் பார்க்கின்றன. அது யாருக்கும் உறைக்கவில்லை. அவரை இங்கே நிபுணர் என்றே சொல்லிவிட்டுப் போகிறேன்.

எனக்கும் கம்ப்யூட்டர் தெரியும். அச்சும் கருவியும் செய்யும் டூல் அண்ட் டை டிப்ளமோ படித்துவிட்டு, ஒரகடத்தில் ஒரு கம்பெனியின் டிசைன் பிரிவில் வேலை பார்த்தவள் நான். அந்தப் பிரிவையே வேறு ஊருக்கு மாற்றியபோது நான் போகவில்லை. இப்போது மண்ணூரில், வாடகை வீட்டின் உள்ளறையில் உட்கார்ந்து, ஒரகடத்துப் பக்கம் இருக்கும் இரண்டு சின்னப் பட்டறைகளுக்கு பிக்ஸ்சர் வரைந்து கொடுக்கிறேன். பிக்ஸ்சர் என்றால், துளை போடும்போதோ வெல்டிங் வைக்கும்போதோ பாகம் ஆடாமல் பிடித்துக்கொள்ளும் இரும்பு அமைப்பு. ஒரு கோடு தப்பினால் பட்டறையில் ஒரு பலகை இரும்பு குப்பைக்குப் போகும். ஆனால் வீட்டில் இருந்து செய்வதால் இது யார் கண்ணுக்கும் வேலையாகத் தெரிவதில்லை. "சும்மா லேப்டாப்ல இன்னாவோ பண்ணிகினு இருக்கும்" என்று என் நாத்தனார் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னது என் காதிலேயே விழுந்தது.

இத்தனையையும் வரைந்தது ஒரு பழைய லேப்டாப்பின் குட்டித் திரையில். கோட்டைப் பார்க்கப் பெரிதாக்கினால் முழுப் படம் தெரியாது, முழுப் படத்தைப் பார்த்தால் அளவு எழுதிய எண் எறும்பு மாதிரி ஆகிவிடும். பெரிதாக்கு, சிறிதாக்கு, பெரிதாக்கு, சிறிதாக்கு என்று நாள் முழுக்க அதே பிழைப்பு. மதியத்துக்கு மேல் நெற்றிப்பொட்டில் சுத்தியலால் தட்டுவதுபோல வலி வரும். கண் டாக்டர் பார்த்துவிட்டு, கண்ணாடி சரியாகத்தான் இருக்கிறது, பார்க்கிற பொருளைத்தான் மாற்ற வேண்டும் என்றார். ஒரு பெரிய மானிட்டர் வாங்கி லேப்டாப்பில் இணைத்துக்கொள்வது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். பெரிதாக இருக்க வேண்டும், கையைக் கடிக்கவும் கூடாது. கேட்டது அவ்வளவுதான்.

முதலில் யூடியூபில் பார்த்தேன். மானிட்டரைப் பற்றி வீடியோ போடுகிறவர்களைப்போல வெட்டி மனிதர்களை நான் பார்த்ததில்லை. பாதி நேரம் கத்தியால் அட்டைப்பெட்டியைக் கிழிக்கிறார்கள். உள்ளே இருக்கும் தெர்மாகோலைப் புகழ்கிறார்கள். கேபிளைப் பிறந்த குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையால் தூக்கிக் காட்டுகிறார்கள். பிறகு துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஒன்றை ஓடவிட்டு, 'மச்சி, வேற லெவல்' என்கிறார்கள். ஒருவனாவது ஒரு பக்கம் எழுத்தைத் திறந்து வைத்து, இது படிக்கும்படி இருக்கிறதா என்று காட்டினானா? இல்லை. எழுத்தைப் படிக்க ஒருத்தி மானிட்டர் வாங்குவாள் என்பதே அவர்கள் நினைப்பில் இல்லை.

இதற்குள் என் கணவர், கேட்கக் கூடாத இடத்தில் கேட்டுவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நிபுணர் குடும்பத்தோடு வந்து இறங்கினார். மட்டன் குழம்பு வைத்திருந்தேன். நல்லி எலும்பை உறிஞ்சிக்கொண்டே ஆரம்பித்தார்.

"மானிட்டர்லாம் எதுக்குமா? ஒரு டிவி வாங்கி மாட்டிடு. அதே காசுக்கு இன்னும் பெருசா வரும்."

"டிவில போட்டுப் பாத்துட்டேன் அண்ணா. எழுத்து தெளிவா இல்ல. கறுப்புல செகப்புக் கோடு போட்டா கசிஞ்ச மாதிரி தெரியுது."

"அது செட்டிங்ஸ்மா. ரிமோட்ட எடு."

கையைக் கழுவிவிட்டு ஹாலில் எங்கள் டிவி முன்னால் உட்கார்ந்தார். நான் லேப்டாப்பை இணைத்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றாக உள்ளே போய், எதையோ மாற்றி, வெளியே வந்து, மறுபடி உள்ளே போனார். என் கணவர் பக்கத்தில் நின்று ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்பவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் டிவியின் மெனு முழுவதும் எங்களில் ஒருவருக்கும் படிக்கத் தெரியாத ஏதோ ஒரு நாட்டு மொழிக்கு மாறியிருந்தது. சிவப்புக் கோடு அப்படியே கசிந்துகொண்டிருந்தது.

"லேப்டாப்பு பழசு. அதான்" என்று சொல்லி ரிமோட்டைக் கீழே வைத்தார் நிபுணர். "சரி வுடு. மானிட்டரே பாக்கலாம். கெளம்புங்க, நானே வரேன்."

ஸ்ரீபெரும்புதூரில் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் ஒரு பெரிய ஷோரூமுக்குப் போனோம். வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு மானிட்டர்கள். எல்லாவற்றிலும் ஒரே பஞ்சவர்ணக்கிளி சிறகை விரித்தது, ஒரே நீர்த்துளி இலையிலிருந்து சொட்டியது. விற்பனையாளர் நேராக என் கணவரிடம் போனார்.

"சார், இது பாருங்க. முப்பத்திரண்டு இன்ச், கர்வ்டு. கேம் ஆடினா அப்படியே பறக்கும் சார்."

"எனக்குத்தான் வேணும்" என்றேன். "டிராயிங் வேலைக்கு."

"சூப்பர் மேடம்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, "சார், பின்னாடி லைட்டுகூட எரியும் சார்" என்று மறுபடி என் கணவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தேன். "இத ஒரு நிமிஷம் சொருகிப் பாக்கலாமா? என் படத்தப் போட்டுப் பாக்கணும்."

"அதுக்குப் பர்மிஷன் இல்ல மேடம். டெமோ வீடியோ மட்டுந்தான்."

"நான் வீட்ல கிளி பாக்கப் போறதில்லையே."

அவர் சிரித்தார். நான் ஜோக் அடித்ததாக நினைத்துவிட்டார். நிபுணர் இடையில் புகுந்து, அந்த வளைந்த மானிட்டரின் ஓரத்தைத் தடவி, "பேனல் நல்ல பேனல்" என்று சான்றிதழ் கொடுத்தார். எதை வைத்து என்று கேட்டேன். "பாத்தாலே தெரியும்மா" என்றார்.

வெளியே வந்து, லாரிகள் புழுதி கிளப்பிப் போகும் அந்தச் சாலையோரத்திலேயே நின்று என் கணவரிடம் தெளிவாகச் சொன்னேன். நிபுணரும் பக்கத்தில்தான் நின்றார்.

"அந்த முப்பத்திரண்டு பாக்கப் பெருசு. ஆனா அதுல இருக்கிற பிக்சல் புள்ளி என் லேப்டாப்ல இருக்கிற எண்ணிக்கையேதான். அதையே இழுத்துப் பெருசாக்கி வெச்சிருக்கான். கிட்டக்க உக்காந்து பாத்தா எழுத்து சொரசொரன்னு தெரியும். எனக்கு இருபத்தேழு போதும். புள்ளி அதிகமா இருக்கணும். திரை நேரா இருக்கணும். வளைஞ்சது வேணவே வேணாம். நானே பாத்து வாங்கிக்கறேன்."

என் கணவர் தலையாட்டினார். அவர் தலையாட்டினால் கேட்டார் என்று அர்த்தமில்லை. வல்லம் வடகாலில் ஒரு பேக்டரி லைனில், சூப்பர்வைசர் பேசும்போதெல்லாம் ஆட்டி ஆட்டிப் பழகிய தலை அது.

சில வாரம் கழித்து எங்கள் கல்யாண நாள் வந்தது. அதற்கு முன்னால் என் கணவர் தொடர்ந்து ஓ.டி., அதாவது ஓவர்டைம், பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டால் லைனில் ஆள் இல்லை என்றார். கல்யாண நாளன்று சாயங்காலம் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. முதலில் நிபுணர் இறங்கினார். பிறகு என் கணவர் இறங்கி, பின்சீட்டிலிருந்து ஒரு கட்டில் பலகை அளவுக்கு இருந்த பெட்டியை இழுத்தார். பெட்டியின் மேல் படம் போட்டிருந்தது. படத்திலேயே அது வளைந்திருந்தது.

இரண்டு பேருமாக அதை என் மேஜையில் ஏற்றினார்கள். மேஜைக்கு அது பெரிது. என் புத்தகங்கள், கால்குலேட்டர், தண்ணீர் பாட்டில் எல்லாம் தரைக்குப் போயின. நிபுணர் சுவிட்சைப் போட்டதும் பின்பக்கத்தில் சிவப்பு, நீலம், பச்சை என்று விளக்கு எரிந்தது. என் வேலை மேஜை திருவிழாப் பந்தல்போல ஆயிற்று.

"எப்டி கீது?" என்றார் என் கணவர். முகம் அப்படி மலர்ந்திருந்தது.

நான் என் படத்தைத் திறந்தேன். ஒரு நீளமான அடித்தட்டு. அதன் மேல்விளிம்பு திரையில் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை போனது. நேர்க்கோடு என்று நான் வரைந்தது தூளி மாதிரி தொய்ந்து தெரிந்தது. அலமாரியிலிருந்து என் இரண்டடி இரும்பு ஸ்கேலை எடுத்து, கண்ணாடியில் கீறல் விழாமல் அந்தக் கோட்டின் மேல் மெதுவாக வைத்தேன். இரண்டு முனையும் திரையைத் தொட்டன. நடுவில் என் விரல் தாராளமாக நுழைந்தது.

"இது எனக்கு எப்படி ஆகும்?" என்று கேட்டேன்.

"கண்ணு பழகிடும்மா. ரெண்டு நாள்ல ஒன்னும் தெரியாது" என்றார் நிபுணர்.

"இதுக்குப் பழகிட்டா அப்புறம் நேரா இருக்கறது கோணலா தெரியும் அண்ணா."

"உனக்கு எதுலயும் ஒரு குறை சொல்லணும்" என்று சிரித்துக்கொண்டே கேசரியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். ஓடாத, ஆடாத, போல்ட் போட்டு இறுக்கி வைக்கிற இரும்பை வரைபவளுக்கு, பறக்கிற விளையாட்டுக்கான திரையை வாங்கிக் கொடுத்துவிட்டு, அந்த மனிதரால் இரண்டாவது தடவையும் கேசரி கேட்க முடிந்தது.

அவர் போன பிறகு என் கணவர் அந்த அறையிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"ஓ.டி. பாத்து வாங்குனேன்" என்றார்.

"நான் இன்னா கேட்டேன்னு ஞாபகம் இருக்குதா?"

"கேட்டா வேணாம்பியேன்னுதான் சொல்லாம வாங்குனேன். சர்ப்ரைஸா இருக்கட்டும்னு."

"வேணாம்னு சொல்லியிருக்க மாட்டேன். இது வேணாம்னு சொல்லியிருப்பேன்."

"மாமா நல்லதுன்னு சொன்னாரு."

"மாமாவா இதுல உக்காந்து வேலை செய்யப் போறாரு?"

அவரைப் பார்க்க எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. நின்று நின்று கால் வீங்கிச் சம்பாதித்த காசு. ஆனால் எனக்கு அன்று பரிதாபத்தைவிட ஏளனம்தான் முந்திக்கொண்டு வந்தது. தெருவில் நின்று தமிழில், புரியும்படி சொன்னேன். பெண்டாட்டி அந்த வேலையையே செய்கிறவள். அவள் சொன்னது காதில் ஏறவில்லை. ஓரத்தைத் தடவிப் பார்த்தவன் சொன்னது ஏறிவிட்டது. அன்பு என்று பேர் வைத்துவிட்டால் இதையும் விழுங்க வேண்டுமா?

மறுநாள் நானே ஷோரூமுக்குப் போனேன். மாற்றித் தரக் கேட்டேன். அதே விற்பனையாளர்.

"பாக்ஸ் ஓப்பன் பண்ணிட்டீங்களே மேடம்."

"ஓப்பன் பண்ணாம அட்டை வழியா பாக்கணுமா?"

"சாருக்குப் பிடிச்சுதான மேடம் எடுத்தாரு?" என்றார். அவர் கணக்கில் வாடிக்கையாளர் என்றால் அது என் கணவர்தான். நான் சாரின் மனக்குறை.

சில நாள் அதிலேயே வரைந்து பார்த்தேன். திரையின் நடுவுக்கு நேரே உட்கார்ந்தால் ஓரம் ஏமாற்றியது. எழுத்தின் விளிம்பெல்லாம் படிக்கட்டு வைத்ததுபோல இருந்தது. முன்பு நெற்றிப்பொட்டில் மட்டும் இருந்த வலி பின்கழுத்துக்கும் இறங்கியது. கடைசியில் அதை அணைத்துவிட்டு, அதன் முன்னாலேயே லேப்டாப்பை வைத்து, பழைய குட்டித் திரையில் வரைந்தேன். என் கணவர் ஷிப்ட் முடிந்து வந்து அந்தக் காட்சியைப் பார்ப்பார். பார்த்துவிட்டு லுங்கி மாற்றப் போய்விடுவார்.

அந்த மாதக் கடைசியில் பூந்தமல்லியில் நிபுணர் வீட்டில் அவர்கள் பெண்ணுக்குப் பிறந்தநாள். சொந்தம் முழுக்க வந்திருந்தது. கேக் வெட்டி முடிந்ததும் நிபுணர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தன் பெரியப்பாவிடமும் மற்றவர்களிடமும் பேச ஆரம்பித்தார்.

"நம்ம மச்சான் வூட்டுக்கு ஒரு மானிட்டரு செலக்ட் பண்ணி குடுத்தேன். முப்பத்திரண்டு இன்ச்சு. தேட்டர்ல உக்காந்த மாதிரி கீது. அந்த மாதிரி ஒன்னு இந்த ஏரியாலயே எவன் வூட்லயும் கெடையாது."

நான் அப்போதுதான் சமோசா தட்டோடு அந்தப் பக்கம் வந்தேன். முன்கூட்டி எதுவும் யோசித்து வைக்கவில்லை. வாய் தானாகத் திறந்தது.

"அண்ணா சொல்றது நெசந்தான். அவ்ளோ நல்ல மானிட்டரு. என் வேலைக்கு அது ரொம்ப அதிகம் அண்ணா. அதோட அருமை தெரிஞ்சவங்ககிட்டதான் அது இருக்கணும். நீங்களே எடுத்துக்குங்க. நாங்க குடுத்த வெலை மட்டும் குடுத்தா போதும்."

"எனக்கு எதுக்குமா?" என்று சட்டென்று நிமிர்ந்தார். "என்கிட்டதான் ஆபீஸ் லேப்டாப்பு கீதே."

என் நாத்தனார் சமையலறை வாசலில் இருந்தே குரல் கொடுத்தார். "இன்னாங்க, நமக்கும் அதே மாதிரி ஒன்னு வாங்கணும்னு சொல்லிகினே இருந்தீங்க?"

"சொன்னேன்... அது சும்மா..."

"வெலை கொறச்சலாவா கேக்கறாங்க? ஞாயமாத்தான கேக்கறாங்க" என்றார் பெரியப்பா. "நீயே பாத்து எடுத்த சரக்குதானப்பா."

நிபுணர் எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். அந்த மானிட்டரைப் பற்றி ஒரு குறை, ஒரே ஒரு குறை சொன்னால் போதும், தப்பித்துவிடலாம். எந்தக் குறையைச் சொன்னாலும் அது அவர் தலையிலேயே விழும். அவர் முகத்தில் அந்தத் தேடல் நடந்ததை நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நிதானமாகப் பார்த்தேன். பார்க்க நன்றாக இருந்தது. கடைசியில் பல்லைக் காட்டிக்கொண்டே போனை எடுத்து, எல்லாருக்கும் முன்னால் என் கணவருக்குப் பணத்தை அனுப்பினார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் கணவர் தண்டலம் தாண்டும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமாவ இப்டிப் பண்ணிட்டியே" என்றார் பிறகு.

"இன்னா பண்ணேன்? நல்ல பொருள நல்லவருக்குக் குடுத்தேன்."

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும் தோள் குலுங்க ஆரம்பித்தது. நானும் சிரித்துவிட்டேன். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும்வரை இருவரும் சிரித்தோம். கல்யாண நாளிலிருந்து வீட்டுக்குள் இருந்த இறுக்கம் அந்தப் பஸ்ஸில் கொஞ்சம் தளர்ந்தது. ஆனால் சிரித்ததால் நான் எதையும் மன்னித்துவிட்டதாக அவர் நினைத்துவிடக் கூடாது என்று, இறங்கும்போது சொன்னேன்: "அடுத்தத நான் தனியாப் போய் வாங்குவேன். யாரும் கூட வர வேணாம்."

"சரி" என்றார். இந்த முறை தலையாட்டவில்லை, வாயால் சொன்னார்.

ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் கடை இருக்கிறது. அதன் முதலாளி போனில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தேழு இன்ச்சில் நேர்த்திரை, புள்ளி அதிகம் உள்ளது இருக்கிறதா என்று கேட்டேன். நிமிராமலே சுவர்ப் பக்கம் கையைக் காட்டினார். லேப்டாப்பைச் சொருகிப் பார்க்கலாமா என்றேன். "பாத்துக்கோங்க" என்றார். எனக்கு ஒரு அறிவுரைகூடச் சொல்லவில்லை. அதற்காகவே அவரிடம் வாங்கலாம் என்று தோன்றிவிட்டது.

நின்றபடியே பார்த்தேன். முதலில் திரை முழுக்க வெள்ளை, பிறகு முழுக்கக் கறுப்பு. எரியாத புள்ளி ஒன்றும் இல்லை. பிறகு என் படம். சிவப்புக் கோடு கசியவில்லை. பெரிதாக்காமலே எல்லா எண்ணும் படிக்க முடிந்தது. ஸ்டாண்டை மேலே கீழே நகர்த்த முடியாது, அது ஒன்றுதான் குறை. அதற்குக் கீழே வைக்க வீட்டில் பழைய டெலிபோன் டைரக்டரிகள் இருந்தன. விலை அந்த வளைந்த பூதத்தைவிடக் குறைவு. பின்பக்கம் விளக்கு எரியாததால் இருக்கலாம்.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா, "டிவியாம்மா?" என்றார்.

"ஆமாம்மா" என்றேன். அந்தக் கேள்விக்கு விளக்கம் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிய என் கணவர், அறை வாசலில் நின்று பார்த்தார்.

"சின்னதா கீதே?"

"உக்காந்து பாருங்க."

உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஒரு மூலையில் இருந்த அளவுகளை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை. "நல்லாத் தெரியுது" என்றார். மன்னிப்பு என்று அவர் வாயில் வந்தது அதுதான். அதற்கு மேல் வராது என்று எனக்கும் தெரியும்.

நிபுணர் இப்போது அந்த வளைந்த திரையில் சினிமா பார்க்கிறாராம். அது எதற்கு லாயக்கோ அதற்கே போய்ச் சேர்ந்துவிட்டது. எங்கள் வீட்டுக்கு வந்தால் என் அறைப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

தலைவலி நின்றுவிட்டது. வேலையும் வேகமாக நடக்கிறது. போன மாதம் வல்லம் வடகாலில் மூன்றாவதாக ஒரு பட்டறை என்னைக் கூப்பிட்டது. முதலாளி என் படங்களை மேஜையில் பரப்பி ரொம்ப நேரம் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார். பிறகு என்னைப் பார்த்து, "வீட்ல சார்தான் வரையறாரா மேடம்?" என்று கேட்டார்.

"நான்தான் வரையறேன்" என்று சொல்லிவிட்டு, நினைத்து வைத்திருந்ததைவிடக் கூலியைக் கொஞ்சம் ஏற்றிச் சொன்னேன். ஒத்துக்கொண்டார்.